இறுகிய போல்ட்டும் பொறுமையான கையும்

(மலையகத் தோட்டங்களிலிருந்து மல்லாவிக்கு வந்திருந்த குடும்பங்களுக்கும் இளைஞர்களுக்கும், பழைய எஞ்சின் திருத்தும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய பேச்சு நடையைக் கூடுமானவரை மாற்றாமல் தருகிறோம்.)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பெரிய விஷயங்களைப் பேசுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் கைவேலைக்காரன். அதனால் இன்றைக்கு ஒரே ஒரு சின்ன விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். கறள் பிடித்து இறுகிப்போன ஒரு போல்ட்டை உடைக்காமல் எப்படிக் கழற்றுவது? அவ்வளவுதான் என் தலைப்பு.

"இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தோம்?" என்று சிலர் சிரிக்கிறீங்க. சிரியுங்க. ஆனால் ஒரு மீனவக் குடும்பத்தின் வாசலில் நின்று பாருங்க. பழைய படகு எஞ்சினில் ஒரு சின்னப் போல்ட் தலை முறிந்தால் அன்றைக்குக் கடல் இல்லை. எஞ்சின் கூடே பழுதானால் அந்தப் பருவமே இல்லை. அடகு வைத்த நகை திரும்பாது. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு கடனாகும். விரல் நீளம்கூட இல்லாத ஒரு இரும்புத் துண்டு ஒரு வீட்டு அடுப்பையே அணைத்துவிடும். தோட்டத்திலும் அப்படித்தான். மருந்தடிக்கிற டாங்கி, தண்ணீர் மெசின், தையல் மெசின் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கடல் இல்லாத ஊரில் கடல் எஞ்சின்

மல்லாவியில் கடல் இல்லை. நமக்குப் பக்கத்தில் இருப்பது வவுனிக்குளம். 1950களில் திருத்திக் கட்டி, குடியேற்றம் நடந்த குளம். பின்னே கடல் எஞ்சின் இங்கே எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். வீதியைப் பாருங்க. கிழக்கே போனால் மாங்குளம், அங்கேயிருந்து முல்லைத்தீவுக் கடல். மேற்கே போனால் வெள்ளாங்குளம், அந்தப் பக்கம் மன்னார்க் கடல். இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. அதனால் கண்ணாடிநார்ப் படகின் பின்னால் மாட்டுகிற வெளி எஞ்சின் லான்ட்மாஸ்டரில் ஏறி வரும். தோட்டக் கிணற்று மெசினும் அதோடு சேர்ந்து வரும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இந்த வன்னி உங்களுக்கு அந்நிய மண் இல்லை. அந்தக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்குக் கால்நடையாகப் போன நம்ம முப்பாட்டன்மார் இந்த வன்னிக் காட்டைத் தாண்டித்தான் போனார்கள். போன வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். பிறகு 1977 கலவரத்துக்குப் பின்னும், 1983க்குப் பின்னும் தோட்டங்களை விட்டுப் பல ஆயிரம் பேர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். கொழுந்து கிள்ளிய கை மண்வெட்டி பிடித்தது. மண்வெட்டி பிடித்த கை ஸ்பனரும் பிடித்தது.

அந்த ஸ்பனரைப் பிடிக்க வைத்தது தேவைதான். 1990 முதல் 2002 வரை வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்த சனம் மல்லாவிக்கு வந்து சேர்ந்தது. சின்னச் சந்தி ஒரு பட்டணம் மாதிரி ஆனது. அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேட்டரில் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோச் செய்தி கேட்பார்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் வைத்து விளக்கு எரிப்பார்கள். புதுசு வாங்க வழியில்லாத இடத்தில் பழசைக் காப்பாற்றத் தெரிந்தவன்தான் பெரிய ஆள். அந்தப் படிப்பைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அது பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது உங்களுக்கும் நினைவிருக்கும். மண்ணெண்ணெயில் ஓடுகிற படகுகள் கரையில் கிடந்தன. சும்மா கிடக்கிற எஞ்சின்தான் சீக்கிரம் கறள் பிடிக்கும். மறுபடி கடலுக்குப் போக நினைத்தபோது கழற்றவும் முடியவில்லை, பூட்டவும் முடியவில்லை.

போல்ட் ஏன் இறுகிப் போகிறது?

நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. போல்ட் இறுகுவதற்கு முக்கியமாக மூன்று காரணம்.

முதலாவது கறள். இரும்பு கறளாக மாறும்போது, முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடம் பிடிக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மயிரிழை அளவுதான். அந்த இடத்துக்குள் கறள் ஊதினால் என்ன ஆகும்? மழையில் ஊறிப் பெருத்த கதவு மாதிரி நெரித்துக்கொள்ளும்.

இரண்டாவது, இரண்டு விதமான உலோகம் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடப்பது. படகு எஞ்சின் கூடு அலுமினியம். போல்ட் கறள் பிடிக்காத எஃகு. நடுவில் கடல் தண்ணீர். இது பற்றரி மாதிரி வேலை செய்யும். போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம் அரிபட்டு வெள்ளை மாவாகப் பூக்கும். அந்த மாவு மரைக்குள் கல்லாக இறுகிவிடும். இதைத் தடுக்கத்தான் எஞ்சினின் அடியில் ஒரு நாகத் துண்டு பூட்டியிருப்பார்கள். மற்ற உலோகத்துக்குப் பதிலாக அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காப்பாற்ற இந்த வழியைச் சொன்னார். இன்றைக்கும் அதே வழிதான். சிலர் அழகுக்காக அந்தத் துண்டுக்கு மேலே பெயின்ற் அடித்துவிடுகிறார்கள். பெயின்ற் அடித்தால் அது வேலை செய்யாது.

மூன்றாவது மனிதக் கை. முன்பு பூட்டியவர் நீளக் குழாய் போட்டு அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார். அல்லது மரையைத் துடைக்காமல் மண்ணோடு ஏற்றியிருப்பார்.

கை வைக்கும் முன்னே

எஞ்சினைக் கண்டதும் ஸ்பனரைத் தூக்காதீங்க. முதலில் பெற்றோல், மண்ணெண்ணெய் டாங்கியைக் கழற்றித் தூர வையுங்க. பிளக் வயரைக் கழற்றுங்க. பற்றரி இருந்தால் அதன் வயரையும் கழற்றுங்க. கண்ணாடி போடுங்க. கறள் தூள் கண்ணில் விழுந்தால் பிறகு அழுது பயனில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற தம்பிமாரே, சுற்றுகிற மெசினுக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி எமன். கூந்தலும் அப்படித்தான், தங்கச்சிமாரே.

அடுத்தது எந்தப் பக்கம் திருப்புவது என்பது. எதிரே நின்று பார்த்தால் மணிக்கூட்டு முள் போகிற பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் தளரும். இதற்கு விலக்கும் உண்டு. சைக்கிளின் இடது பெடல் தலைகீழ் மரை. கிரைண்டர் மெசினின் இடது பக்க நட்டும் பெரும்பாலும் அப்படித்தான். "இறுகிவிட்டது, இறுகிவிட்டது" என்று பலர் மூச்சு முட்டத் திருப்புவது இறுகுகிற பக்கமாகத்தான் இருக்கும்.

ஸ்பனர் பொருந்த வேண்டும். வாய் திறந்த ஸ்பனர் போல்ட்டின் இரண்டு முகத்தை மட்டும்தான் பிடிக்கும். வளைய ஸ்பனர் சுற்றிப் பிடிக்கும். அதிலும் ஆறு மூலை உள்ளது பன்னிரண்டு மூலை உள்ளதைவிட நல்லது. நட்சத்திரத் தலை ஸ்குரூ என்றால் இன்னும் கவனம். ஜப்பான் எஞ்சின்களில் இருக்கிற தலை, கடையில் விற்கிற சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குப் பார்வையில் ஒன்றுதான், அளவில் சற்று வித்தியாசம். சரியானது இல்லையென்றால் நழுவித் தலையைத் தின்றுவிடும். தலைக்குழியில் இருக்கிற மண்ணையும் பெயின்ற்றையும் ஆணியால் சுரண்டி எடுத்த பிறகே திருப்புளியை வையுங்க.

இன்னொன்றும் கேளுங்க. சின்ன ஸ்பனர் ஏன் சின்னதாக இருக்கிறது? இரும்பு மிச்சம் பிடிக்க இல்லை. 6 மில்லிமீற்றர் போல்ட்டை எடுங்க, அதன் தலை 10ஆம் நம்பர். ஒரு அடி நீளக் கைப்பிடியில் ஐந்தாறு கிலோ பாரம் தொங்கினாலே அந்தப் போல்ட் முறிகிற நிலைக்கு வந்துவிடும். ஒரு கூடைக் கொழுந்தின் பாரம்கூட வேண்டாம். போல்ட் தாங்குகிற பலத்துக்கு ஏற்றபடிதான் ஸ்பனரின் நீளத்தை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே குழாயைச் சொருகி இழுப்பவன் கழற்றுகிறவன் இல்லை, முறிக்கிறவன்.

படிப்படியாகப் போங்க

முதற்படி, சுத்தம். கம்பித் தூரிகையால் தலையையும் வெளியே தெரிகிற மரையையும் தேயுங்க. மறுபக்கம் மரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயும் தேயுங்க.

இரண்டாம் படி, எண்ணெய். கடையில் விற்கிற ஊடுருவும் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூன்று பங்கு மண்ணெண்ணெய்க்கு ஒரு பங்கு எஞ்சின் ஒயில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்க. விட்டவுடனே ஸ்பனரை வைக்காதீங்க. இன்றைக்குச் சாயங்காலம், நாளைக்குக் காலை, நாளை மறுநாள் என்று மூன்று நாள் விடுங்க. பழைய ஆட்கள் இதை "போல்ட்டுக்குக் கஞ்சி ஊற்றுவது" என்பார்கள். இந்த வேலையில் மிகவும் மலிவான ஆயுதம் நேரம்தான். அவசரக்காரன் கையில் அதுவும் இருக்காது.

மூன்றாம் படி, தட்டு. சுத்தியலால் போல்ட் தலையில் நேராக, அளவாகத் தட்டுங்க. அடிக்க வேண்டாம், தட்டினால் போதும். அந்த அதிர்ச்சியில் கறள் நொறுங்கும், எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். அலுமினியக் கூடு மெல்லியது, அது வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்க. நட்சத்திரத் தலைக்கு, அடிக்கும்போதே கொஞ்சம் திரும்புகிற அடித்திருப்புளி இருக்கிறது. இந்த வேலைக்கென்றே செய்தது அது.

நான்காம் படி கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. முதலில் இறுக்குங்க! ஒரு நெல் அளவு இறுகுகிற பக்கம் அசைத்துப் பாருங்க. கறளின் பிடி உடைவதற்கு எந்தப் பக்கம் அசைந்தாலும் ஒன்றுதான். அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஐந்தாம் படி, சூடு. உலோகத்துக்குச் சூடு காட்டினால் விரியும். அதே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டைச் சுடாதீங்க. போல்ட்டைச் சுற்றியிருக்கிற கூட்டைச் சுடுங்க. துளை பெருக்கும், போல்ட் தளரும். முதலில் கொதிதண்ணீரை ஊற்றிப் பாருங்க, பல நேரம் அதுவே போதும். சுவாலை காட்டுவது என்றால் மிகக் கவனம். அலுமினியம் இரும்பு மாதிரிச் சிவந்து எச்சரிக்கை தராது. ஏறக்குறைய 660 பாகையில், சிவக்காமலே உருகி விழுந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் சுர் என்று பறந்தால் அந்தச் சூடு போதும். முன்பு ஊற்றிய எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, எண்ணெய்ப் போத்தலைத் தூர வைத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். நாகம் பூசிய போல்ட்டைச் சுட்டால் வருகிற புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

சூடான நட்டின் விளிம்பில் ஒரு மெழுகுதிரியை வைத்துப் பாருங்க. மெழுகு உருகி மரைக்குள் தானே இறங்கும். எண்ணெய் போகாத இடத்துக்கும் மெழுகு போகும்.

ஆறாம் படி, முன்னும் பின்னும். அசைந்துவிட்டது என்று சந்தோஷத்தில் ஒரே இழுப்பாக இழுக்காதீங்க. கால் சுற்றுத் தளர்த்துங்க, அரைக்கால் சுற்று இறுக்குங்க, எண்ணெய் விடுங்க. மறுபடி தளர்த்துங்க. உடைந்த கறள் தூள் வெளியே வர இடம் வேண்டும். ஸ்பனரைத் தள்ளாமல் உங்கள் பக்கம் இழுங்க. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்க. நழுவினாலும் விரல் முட்டி தப்பும்.

ஏழாம் படிதான் முக்கியம். நிறுத்தத் தெரிய வேண்டும். ஸ்பனர் திரும்புகிறது, ஆனால் மாவு பிசைகிற மாதிரி மெத்தென்று இருக்கிறது என்றால் போல்ட் முறுகுகிறது, முறியப் போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் கையை எடுங்க. போய் ஒரு தேத்தண்ணி குடியுங்க. திரும்பி வந்து மறுபடி எண்ணெய், மறுபடி சூடு.

முறிந்தே விட்டால்?

முறிந்தாலும் உலகம் முடியாது. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூட்டுக் குறடால் பிடித்துத் திருப்பலாம். மரை வெளியே இருந்தால் இரண்டு நட்டுகளைப் போட்டு, ஒன்றோடு ஒன்று முட்ட இறுக்கி, உள் நட்டைத் தளர்த்துகிற பக்கம் திருப்பினால் துண்டும் கூட வரும். கூட்டோடு சமமாக முறிந்திருந்தால் அதன் மேலே ஒரு நட்டை வைத்து, நடுத்துளைக்குள் வெல்டிங் வைப்பார்கள். வெல்டிங் சூட்டிலேயே கறளும் விடும், பிடிக்கத் தலையும் கிடைக்கும். இது கைதேர்ந்தவர் வேலை. அவரைக் கூப்பிடுங்க, வெட்கப்பட ஒன்றுமில்லை.

துளைத்து எடுப்பது என்றால் சரியாக நடுவில் புள்ளி அடித்து, சின்னத் துளையில் தொடங்கிப் பெருக்க வேண்டும். அதற்குள் அடித்துத் திருப்புகிற பிடுங்கி ஒன்று விற்கிறார்கள். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளை அலகு அதில் ஏறாது. அதனால் அதைக் கடைசி வழியாக வையுங்க. அலுமினிய மரை போயே போய்விட்டாலும், பெரிதாக மரை வெட்டி உள்ளே சுருள் கம்பி மரை வைத்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். எஞ்சினைத் தூக்கி எறியத் தேவையில்லை.

திருப்பிப் பூட்டும்போது

கழற்றத் தெரிந்தவன் பாதி மெக்கானிக். திருப்பிப் பூட்டத் தெரிந்தவன்தான் முழு மெக்கானிக்.

ஒரு மட்டை அட்டையை எடுத்து எஞ்சின் மூடியின் படத்தைக் கீறுங்க. போல்ட் இருக்கிற இடமெல்லாம் துளை போடுங்க. கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்துத் துளையில் குத்தி வையுங்க. நீளப் போல்ட் குட்டைத் துளைக்குள் போனால் கூடு வெடிக்கும், அதற்குத்தான் இந்த அட்டை. கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்க. தலைமூடிப் போல்ட்டுகளைக் கழற்றும்போது வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்க. பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே, குறுக்குக் குறுக்காக இறுக்குங்க. ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கினால் மூடி கோணிவிடும்.

மரையைத் துடைத்து, கிறீஸ் பூசி ஏற்றுங்க. முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றுங்க. கை விரலில் ஏறாத போல்ட்டை ஸ்பனரால் ஏற்றக் கூடாது. கடலிலிருந்து வந்த எஞ்சினை ஒரு பெரிய தொட்டி நல்ல தண்ணீரில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டி உப்பைக் கழுவுங்க. இந்த ஒரு பழக்கம் இருந்தால் நான் இவ்வளவு நேரம் பேசியது பாதி தேவைப்படாது.

வீட்டிலேயே தொடங்குங்கள்

"எங்க லயத்தில் படகு எஞ்சின் எங்கே இருக்கு?" என்று கேட்பீங்க. வேண்டாம். பொழுதுபோக்காக ஒரு சின்னச் சாமானில் தொடங்குங்க. லயத்துக் காம்பிராவின் மூலையில் ஓடாத தையல் மெசின் ஒன்று இருக்கும். கறள் பிடித்த கதவுப் பூட்டு இருக்கும். பிள்ளையின் சைக்கிள், மருந்தடிக்கிற டாங்கி, கவ்வாத்துக் கத்தி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அப்பாவும் மகளும் உட்காருங்க. ஒரு பழைய துணியை விரித்து அதன் மேலே கழற்றுங்க. கழற்றிய ஒழுங்கைக் கொப்பியில் எழுதுங்க. துடைத்து, எண்ணெய் விட்டு, எழுதியதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டே பூட்டுங்க.

சின்ன இரும்புச் சாமான்களைப் புளித் தண்ணீரிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஒரு இரவு ஊற வைத்தால் கறள் கழன்றுவிடும். எடுத்ததும் நன்றாகக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். இல்லையென்றால் மறுநாளே கறள் வந்துவிடும். அலுமினியத்தை இப்படி ஊற வைக்கக் கூடாது.

உங்களுக்குச் சொந்தமான ஒரு வித்தையும் இருக்கிறது. கடுஞ்சாயத் தேத்தண்ணி கறள் மேலே பட்டால் கறுத்துப் போகும், பார்த்திருப்பீங்க. கொழுந்தில் இருக்கிற துவர்ப்பு, இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறமாக மாறுகிறது. சிவப்புக் கறளைக் கறுப்பாக மாற்றுகிற, கடையில் விற்கிற திரவங்கள் சிலவற்றிலும் இந்தத் துவர்ப்புச் சரக்குத்தான் இருக்கிறது. தேத்தண்ணிக்குப் பலம் குறைவு, ஆனாலும் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நல்ல பாடம். நீங்கள் பறித்த கொழுந்தே உங்கள் கத்திக்கு மருந்தாகிறது, பாருங்க.

தொடக் கூடாத இரும்பு

இதைச் சொல்லாமல் போனால் நான் மனிதன் இல்லை. பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்க. இது போர் நடந்த மண். 2009இல் சண்டை முடிந்து, அந்த வருஷக் கடைசியிலிருந்து சனம் திரும்பி வரத் தொடங்கியது. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது. பெரும் நிலம் துப்புரவாகிவிட்டது. ஆனாலும் வன்னி மண்ணுக்குள் வெடிக்காத பொருள்கள் இன்னமும் கிடக்கின்றன. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையை இழந்தவர்கள், உயிரை இழந்தவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு.

ஆகையால், மண்ணில் கிடந்த எந்த இரும்பையும் எடுக்காதீங்க, தட்டாதீங்க, சுடாதீங்க. திருத்தப் பழகுவது வீட்டில் இருந்த சாமானில், யாருடையது என்று தெரிந்த சாமானில் மட்டும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த காலடி வழியே திரும்புங்க. சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் கிராம சேவகரிடமோ பொலிசாரிடமோ சொல்லுங்க. இன்றைக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற தம்பிமாருக்கு இது முதற்பாடம்.

கையில் உள்ளதற்கு ஒரு கடதாசி

கடைசியாக ஒரு வார்த்தை. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். மூட்டை தூக்குகிறார்கள், கோப்பை கழுவுகிறார்கள். எந்த வேலையும் இழிவு இல்லை. ஆனால் பத்து வருஷம் மூட்டை தூக்கினாலும் அந்த வேலை அவனுக்கு அடுத்த படியைக் காட்டாது. இரண்டு வருஷம் கராஜில் எண்ணெய்க் கையோடு நின்றவனுக்கு எந்த ஊரிலும் ஒரு வாசல் திறக்கும்.

"நான் பள்ளிக்கூடம் முடிக்கவில்லையே, யார் என்னை எடுப்பார்கள்?" என்று கேட்கிற தம்பிக்குச் சொல்கிறேன். நம் நாட்டில் தேசிய தொழிற் தகைமை என்று ஒன்று இருக்கிறது. அது ஏழு மட்டம். முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். வகுப்பில் படித்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வேலை செய்து பழகிய அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் உண்டு. முன்கற்றலை அங்கீகரிப்பது என்று சொல்வார்கள். மதிப்பிடுகிறவர் முன்னால் நீங்கள் வேலையைச் செய்து காட்ட வேண்டும். கைக்குத் தெரிந்ததைக் கடதாசியில் ஏற்றுகிற வழி இது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் பக்கத்து நிலையத்தில் விசாரியுங்க. பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். கொப்பியில் செய்த வேலைகளை எழுதி வையுங்க என்று சொன்னேனே, திகதி போட்டு எழுதி வைத்தால் அந்த நாளில் அது உதவும்.

தாய்மார்களுக்கும் ஒன்று. ஸ்பனர் ஆம்பிளைச் சாமான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கொழுந்து கிள்ளுகிற விரலுக்கு இருக்கிற நுட்பம் எந்த மெக்கானிக்குக்கும் இல்லை. எது வரும், எது முறியும் என்று தொட்டதும் தெரிகிற விரல் உங்களுடையது. உங்கள் பெண் பிள்ளை ஒரு மெசினைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் திட்டாதீங்க. பழைய துணியை விரித்துக் கொடுங்க.

இறுகிய போல்ட்டுக்குத் தேவை மூன்று: எண்ணெய், நேரம், நிதானம். மூன்றும் பெரிய விலை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எந்தச் சாமான் இறுகிக் கிடக்கிறது என்று தேடிப் பாருங்க. சனிக்கிழமை ராத்திரியே அதற்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்க.